பிழை இல்லாத புத்தகம்

கூத்தையா மாமா எந்திரத்தைப் பார்க்காமலேயே அதற்குப் பாடப்புத்தகம் எழுதினார். எங்கள் ஊரில் இதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. சாமியை நேரில் பார்த்துவிட்டா புராணம் எழுதினார்கள் என்று கேட்டார் ஊர்த் தலைவரான அம்பலம் சேதுராமன். கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

மாமா என் அம்மாவோடு பிறந்தவர். ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்று அங்கேயே வீடு கட்டி இருந்தார். அபிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆலவலசையில் முதன்முதலில் பட்டம் வாங்கியவர் அவர்தான். இனிமேல் கல்லூரியில் எல்லாப் பாடமும் தமிழில் வரும் என்று பேச்சு அடிபட்ட காலம் அது, 1968. கம்ப்யூட்டரோடு பேசுகிற ஃபோர்ட்ரான் மொழிக்குத் தமிழில் கையேடு இல்லையே என்று மாமாவுக்குக் கவலை வந்துவிட்டது. அமெரிக்கப் புத்தகம் ஒன்றை வரவழைத்து முன்னால் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதினார். கட்டளைகளை ஆங்கிலத்தில் அப்படியே விட்டுவிட்டு விளக்கத்தை எல்லாம் தமிழில் தந்திருந்தார். நல்ல தமிழ். அதை நான் என்றைக்கும் குறை சொன்னதில்லை.

ஊரிலேயே அந்த எந்திரத்தைக் கண்ணால் கண்ட ஒரே ஆள் நான். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு அட்டையில் துளையிடும் வேலை. ஒரு வரிக் கட்டளைக்கு ஓர் அட்டை. அடுக்கி உள்ளே கொடுத்தால் எந்திரம் படித்துப் பார்க்கும். சரியாக இருந்தால் வேலையைச் செய்யும், இல்லாவிட்டால் பிழை என்று தாளில் அடித்துத் துப்பிவிடும். முகதாட்சண்யம் பார்க்காத ஜென்மம். எங்கள் ஊரில் வளர்ந்த எனக்கு அதுதான் அதனிடம் பிடித்தது.

மாமாவின் புத்தகம் தபாலில் வந்த அன்று விடுதியில் இருந்த அத்தனை பேரிடமும் காட்டினேன். "எங்க மாமா எழுதியது" என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், பழகிக்கொள்ள வேண்டும் என்று அனுமதி வாங்கிக்கொண்டு, புத்தகத்தின் முதல் பாடத்தை அட்டையில் ஏற்றி எந்திரத்தில் போட்டேன். பிழை என்றது. என் கைதான் தவறியிருக்கும் என்று மறுபடி ஏற்றினேன். மறுபடியும் பிழை. அப்புறம்தான் புத்தகத்தை நிதானமாகப் பார்த்தேன்.

அட்டையில் வரிசையாகக் கட்டங்கள் உண்டு. முதல் ஆறு கட்டம் வேறு வேலைக்கு. கட்டளை ஏழாவது கட்டத்தில்தான் தொடங்க வேண்டும். மாமா முதல் கட்டத்திலேயே தொடங்கச் சொல்லியிருந்தார். அமெரிக்கப் புத்தகத்தில் அச்சுக்கு அழகாக ஓரத்தில் ஒட்டிப் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து இவரும் எழுதியிருக்கிறார். ஒரு பாடம் பாக்கியில்லாமல் அத்தனையும் இப்படித்தான். போதாக்குறைக்கு ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி போட்டிருந்தார். காகிதத்தில் எது எழுதினாலும் நமக்கு அது கைப்பழக்கம். அச்சுக் கோத்தவர் அதையும் கட்டளைகளோடு சேர்த்து முதல் வரியாக்கிவிட்டார். துளையிடும் எந்திரத்தில் பிள்ளையார் சுழிக்கு எங்கே போவது? அதற்கும் மாமா அடிக்குறிப்பில் வழி சொல்லியிருந்தார். உருவம் ஒத்திருப்பதால் இரண்டு என்ற எண்ணைத் துளையிடுக என்று.

சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் பயம் வந்தது. ஏனென்றால் அந்தப் புத்தகத்தை ஊரில் ஒருத்தி வரிவரியாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். என் தங்கை ராக்கு.

ராக்கு கணக்கில் பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். எங்கள் நிலையத்திலேயே உதவியாளர் இடம் ஒன்று காலியாகி, சித்திரையில் தேர்வு வைப்பதாக இருந்தார்கள். கட்டளை எழுதி, அட்டையில் ஏற்றி, எந்திரத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். எங்களைப் பெற்ற அய்யா ஒரே ஒரு தடவை அவள் போக ஒப்புக்கொண்டிருந்தார். வேலை கிடைத்தால் சென்னை. கிடைக்காவிட்டால் வைகாசியில் கூத்தையா மாமாவின் மகன் தனுஷ்கோடியோடு கல்யாணம். தனுஷ்கோடி அபிராமத்தில் மிளகாய் மண்டி வைத்திருந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் அவனைப் பற்றிப் பேச்செடுத்தால் ராக்கு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள். எங்கள் வீட்டில் மாடு அந்த வருஷம் குடித்த தண்ணீருக்குக் கணக்கே இல்லை.

மாசிக் களரித் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது முதலில் ராமநாதபுரத்தில் இறங்கி மாமா வீட்டுக்குப் போனேன். எந்திரம் அடித்துக் கொடுத்த தாள்களையும் நான்கைந்து அட்டைகளையும் எடுத்துப் போயிருந்தேன். மாமா ஓர் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதுவரை அவர் அட்டையையே பார்த்ததில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"இதுல கட்டம் இருக்கா?" என்றார்.

சொன்னேன். பிள்ளையார் சுழி, வகுத்தல் என்று மற்ற பிழைகளையும் காட்டினேன். கணக்கு வாத்தியார் இல்லையா, ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். முகம் சுண்டிப்போயிற்று. அப்போது அவர்மேல் எனக்கு இரக்கமாகத்தான் இருந்தது.

"ஒண்ணும் பெருசு இல்ல மாமா. பிழைதிருத்தம்னு ஒரு துண்டுத்தாள் அடிச்சு முன்னால ஒட்டிரலாம். ஒரு பக்கந்தான் வரும்."

"புத்தகம் பாடநூல் குழுவுக்குப் போயிருக்கு ஆத்தா. இந்த நேரத்துல திருத்தம்னு ஒட்டுனா திருப்பி அனுப்பிருவாக. ரெண்டாம் பதிப்புல பாத்துக்கிருவம்."

"அதுவரைக்கும் படிக்கிற பிள்ளைக?"

"எவன் படிக்கப் போறான்?" என்றார் மாமா.

எழுதியவர் வாயாலேயே இதைக் கேட்டேன். ராக்கு படிக்கிறாளே என்றேன். அவளுக்கு நீயே சொல்லிக் கொடுத்துவிடு, வெளியில் மூச்சு விடாதே என்றார். சரி என்று எழுந்தேன். ராக்கு தேறினால் போதும் என்றுதான் இருந்தேன். ஆனால் அடுப்படியில் இருந்த அத்தையின் காதில் பிள்ளையார் சுழி விஷயம் மட்டும் விழுந்திருக்கிறது. நான் ஏறிய பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே சேதி ஊருக்குப் போய்விட்டது. பூமயில் மெட்ராஸ் போய்க் கெட்டுவிட்டாள், மாமன் புத்தகத்திலிருந்து பிள்ளையாரை எடுக்கச் சொல்கிறாள்.

அந்த வருஷக் களரியில் மாமாவுக்கு முனியசாமி கோயில் பரிவட்டம் கட்டுவதாக ஏற்பாடு. எங்கள் ஊரில் பரிவட்டம் சும்மா கிடைக்காது. அதைத் தலையில் வாங்குகிறவன்மேல் ஒரு சொல் நிற்கக் கூடாது. யாராவது குறை சொல்லியிருந்தால் முதலில் அதைத் தீர்த்தாக வேண்டும். ஆகவே பொங்கல் பானை இறக்கின கையோடு, வேப்பமரத்தடியில் கூட்டம் கூட்டி என்னைக் கூப்பிட்டார்கள். ஃபோர்ட்ரான் மொழி ஆலவலசையில் பஞ்சாயத்துக்கு வந்தது.

"ஏத்தா பூமயிலு, புத்தகத்துல தப்பு இருக்குன்னு சொன்னியாமே. என்ன தப்பு, எல்லாருக்கும் வெளங்குறாப்புல ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றார் அம்பலம்.

ஏழாவது கட்டத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அட்டையைப் பார்த்திராதவர்களுக்கு அது எப்படிப் புரியும் என்று யோசித்துவிட்டேன். கேட்டவுடன் புரிகிற மாதிரி ஒன்று சொன்னேன். ஏழை இரண்டால் வகுத்தால் மூன்றரை வரும் என்று மாமா எழுதியிருக்கிறார், எந்திரம் மூன்று என்றுதான் சொல்லும்.

மரத்தடியே சிரிப்பில் குலுங்கியது.

"ஏலே, ஏழு மூடை நெல்ல ரெண்டு பேருக்குப் பகுந்தா ஆளுக்கு எத்தனைடா?" என்று யாரோ கத்தினான்.

"மூணரை!" என்றது கூட்டம்.

"பூமயிலு மூணுங்குறா. மிச்ச ஒரு மூடைய மெட்ராசுக்குக் கொண்டுபோயிட்டாளோ?"

முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் எந்திரம் மிச்சத்தை உதறிவிடும், அது அந்த மொழியின் விதி என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. அய்யா தலையைக் குனிந்துகொண்டார். மாமா என்னைப் பார்க்கவே இல்லை. அவருக்கு விதி தெரியும். மூன்று என்று எந்திரம் அடித்திருந்த தாளையும் அவர் கையில் கொடுத்து இரண்டு நாள் ஆகவில்லை. "பிள்ளை சொல்றது சரிதான்" என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டம் அடங்கியிருக்கும்.

அம்பலம் கையமர்த்தினார். எந்திரம் இங்கே வந்து சாட்சி சொல்லாது, ஆகவே சத்தியம்தான் என்றார். எங்கள் ஊர் வழக்கம் அது. சந்நிதியில் சூடத்தைக் கொளுத்தி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். ஒரு வழக்குக்கு ஒரு சத்தியம்தான். ஒருவர் செய்துவிட்டால் எதிராளி வாய் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஊருக்குள் அந்தப் பேச்சை எடுத்தால், அது சாமிமேலேயே சந்தேகம். பொய்யாக அணைத்தவன் குடும்பத்தை முனியசாமி பார்த்துக்கொள்வார்.

மாமா வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்திருக்க மாட்டார் என்று கடைசி நொடிவரை நம்பிக்கொண்டிருந்த முட்டாள் நான். நடந்துபோய்ச் சந்நிதியில் குனிந்தார். "நான் எழுதுனதுல பிழை இல்ல" என்று சொல்லிச் சூடத்தை அணைத்தார். குலவை போட்டார்கள். பரிவட்டம் கட்டினார்கள். என்னைக் கல்லூரியில் கணக்குப் படிக்க வைக்கச் சொல்லி அய்யாவிடம் மன்றாடியவர் அவர்தான். அந்த நிமிஷம் அவரை அடியோடு வெறுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் பையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். "எம் பொறந்த வீட்டு மானத்த ஊரு நடுவுல வாங்கத்தான் ஒன்னயப் படிக்க வச்சனா? காலைல மொத பஸ்ஸுக்குக் கெளம்பு" என்றாள். ராக்கு கதவோரத்தில் நின்றிருந்தாள். அவளிடம் கட்டத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவள் மிரண்டுபோய் என் வாயைப் பொத்தினாள். "ஊருக்குள்ள வேணாங்க்கா. சாமி கேக்கும்."

சித்திரையில் ராக்கு சென்னைக்கு வந்து என்னோடு விடுதியில் தங்கினாள். முனியசாமி எல்லை எழும்பூர் வரைக்கும் வராது என்று சொல்லிச் சிரிக்க வைத்து, வீணாய்ப்போன அட்டைகளைப் பரப்பி முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தேன். எத்தனை சுறுசுறுப்பான மூளை! இரண்டே நாளில் நான் தடுமாறுகிற இடத்தில் எல்லாம் அவள் திருத்தினாள். ஏழாவது கட்டத்தில் விரலை வைத்து, "இங்கன ஆரம்பிக்கணும், அம்புட்டுத்தான?" என்பாள். பிள்ளையார் சுழியை விட்டுவிட்டாள். ஏழை இரண்டால் வகுத்து மூன்று என்று எழுதிவிட்டு, ஊர் சிரித்ததை நினைத்து அவளும் சிரித்தாள். தேர்வுக்கு முந்தின நாள் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். வேலை கிடைத்தால் முதலில் ஒரு கைக்கடிகாரம் வாங்குவேன் என்றாள். எனக்குச் சந்தேகமே இல்லை. அவள் தேறிவிட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

தேர்வு நடந்த அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. பக்கத்து அறையில் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களின் அட்டைகள் ஓடிய சத்தம் கேட்டது. ராக்குவின் முறை வந்ததும் எந்திரத்தின் தட்டச்சு படபடவென்று பொரிந்தது. அந்தச் சத்தம் எனக்கு அத்துப்படி. பிழை, பிழை, பிழை. வரிக்கு வரி.

மேலதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார். நல்ல மனிதர். கையில் ராக்குவின் அட்டைகளை வைத்திருந்தார். முதல் அட்டையில் இரண்டு என்ற எண் மட்டும் இருந்தது. மற்ற அட்டைகள் எல்லாம் முதல் கட்டத்திலேயே தொடங்கியிருந்தன.

"உங்கள் தங்கை காகிதத்தில் எழுதிய கணக்கு முறை இருக்கிறதே, வந்தவர்கள் எழுதியதிலேயே நல்ல முறை அதுதான். அட்டையில் மட்டும் ஏன் இப்படி?" என்றவர், ராக்குவிடம் எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று கேட்டார். அவள் பையிலிருந்து மாமாவின் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் தமிழர்தான். நான்கு பக்கம் புரட்டினார். அட்டைகளையும் புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"புத்தகத்தில் சொன்னபடியே செய்திருக்கிறாய். புத்தகமே தவறு. இது உன் குற்றம் இல்லை அம்மா. புத்தகத்தில் பிழை, அதனால் இப்படி ஆயிற்று என்று சொல். நீ சொன்னதை எழுதி வைத்துக்கொண்டு மதியம் இன்னொரு வாய்ப்புத் தருகிறேன்."

"ஆமா சார், புத்தகம் தப்பு, நானே பார்த்து..." என்று நான் முந்திக்கொண்டேன்.

"உங்களைக் கேட்கவில்லை. தேர்வு எழுதியவள் சொல்ல வேண்டும்."

ராக்கு என்னைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"புத்தகத்துல தப்பு இல்ல சார். நான்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்."

அவர் இரண்டாம் முறையும் கேட்டார். அதே பதில். அவர் என்ன செய்வார்? அட்டைகளைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளை அறைந்தேன். நடுத்தெருவில், ஆள் பார்க்க. அவள் அழவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டேதானடி தப்பா எழுதுன?"

"ஆமா."

"ஏண்டி?"

"கெளம்புற அன்னைக்கு அம்மா என்னயக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போச்சு. 'எம் மக எங்கண்ணன் எழுதுனதுக்கு மாறா எழுத மாட்டா, எழுதுனா எந் தாலிக்குக் கேடு'ன்னு அதுவே சூடத்த அணைச்சிருச்சு. நான் மாத்தி எழுதி, ஊருல அய்யாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? கடைசிவரைக்கும் சரியா எழுதிறணும்னுதான் நெனச்சேன். அட்டைய மெசின்ல சொருகையில கை வரலக்கா."

"அவரு கேட்டாரே, ஒரு வார்த்தை! அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமேடி."

"அதுவும் மாறாப் பேசுனதுதான?"

எனக்கு அவள்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது. மற்றவர்கள்மேல் இருந்தது இன்றைக்கும் வடியவில்லை. பொய்ச் சத்தியம் செய்தவரை முனியசாமி ஒன்றும் செய்யவில்லை. மாமாவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அய்யாவுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று பயந்தவளுக்குத்தான் எல்லாம் ஆயிற்று.

வைகாசியில் கல்யாணம். அம்மா என்னோடு பேசவில்லை, ஆனால் ஆள் விட்டு வரச் சொல்லியிருந்தாள். தனுஷ்கோடி பட்டு வேட்டியில் வியர்த்துப்போய் வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். மாமா பந்தல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாடநூல் குழு புத்தகத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. இரண்டாம் பதிப்பு அச்சாகி வந்திருந்தது. வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு ஆளுக்கு ஒரு புத்தகமும் கொடுத்தார்கள். மிளகாய் வியாபாரிகள் எல்லாம் ஃபோர்ட்ரான் கையேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பந்திக்குப் போனார்கள்.

பந்தலுக்குப் பின்னால் போய் நின்று புரட்டினேன். முதல் பாடத்தின் தலையில் பிள்ளையார் சுழி அப்படியே இருந்தது. கட்டளைகள் முதல் கட்டத்திலேயே இருந்தன. ஏழை இரண்டால் வகுத்தால் மூன்றரையே வந்தது. முன்னுரையில் மட்டும் புதிதாக ஒரு பத்தி. "முதற்பதிப்பில் பிழைகள் உள்ளனவாகச் சிலர் கூறினர். இந்நூலை மட்டுமே கற்றுச் சென்னை சென்று தேர்வெழுதிய செல்வி ராக்கு பி.எஸ்ஸி., எந்திரத்தின் முன்னிலையில், அதிகாரி இருமுறை வினவியபோதும், இந்நூலில் பிழை இல்லை எனச் சான்று பகர்ந்தமையால், ஒரு வரியும் மாற்றாமல் இப்பதிப்பு வெளிவருகிறது."

சென்னையில் நடந்ததை அவரிடம் சொன்னது யார் என்று நான் விசாரிக்கவில்லை. அம்மாவின் கேள்விக்கு ராக்கு ஒன்றுவிடாமல் பதில் சொல்லியிருப்பாள். மாறாகப் பேசிப் பழக்கமில்லாதவள்.

மாலையோடு மணவறையில் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கண்டதும் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நெற்றிப் பொட்டு வியர்வையில் கரைந்திருந்தது. என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள்.

"எம் பேரு அச்சுல வந்திருக்காமே. படிச்சியா?"

"படிச்சேன்."

"நான் இன்னும் பாக்கல. என்னயப் பத்தி எழுதுனதுல தப்பு ஒண்ணும் இல்லையேக்கா?"

எதிரே அம்மா நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை" என்றேன்.